போன் போட்டா பஸ்ஸு வரும்

"ஏண்டி, போன் போட்டா பஸ்ஸு வாசலுக்கே வருமா? அப்ப அது பஸ்ஸு இல்லடி, வாடகைக் காரு."

இது அம்மா மதுரையிலிருந்து போனில் சொன்னது. ஜனவரி மாசம், நான் கணுக்கால் எலும்பு முறிஞ்சு ரூமில் கிடந்தப்ப. எப்படி முறிஞ்சதுன்னு கேட்காதீங்க. குப்பை போட நாலு அடிதானேன்னு ரப்பர் செருப்போட பனியில் இறங்கினேன். மீதியை உங்க கற்பனைக்கே விட்டுடறேன் :-)

நான் படிப்பது அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் ஒரு சின்ன பல்கலைக்கழக ஊர். ஊர் பேர் வேண்டாமே. கார் இல்லாத எங்களை மாதிரி ஆட்களுக்கு இங்கே டவுன் பஸ்தான் கதி. காலில் கட்டுப் போட்டதும் பஸ் ஸ்டாப் வரைக்கும் போவதே பழனி மலை ஏறுவது மாதிரி ஆகிப்போச்சு. அப்பதான் ஆஸ்பத்திரியில் ஒரு ஃபார்மைக் கொடுத்து, "கொஞ்ச நாளைக்கு நடக்க முடியாதவங்களுக்கும் இது உண்டு, எழுதிப் போடு"ன்னாங்க. முதல் நாளே போன் பண்ணிச் சொல்லிட்டா, மறுநாள் ஒரு வேன் வாசலுக்கு வந்து ஏத்திக்கிட்டுப் போகும். போற வழியில் இன்னும் ரெண்டு மூணு பேரை ஏத்தும், இறக்கும். ஆறு வாரம் அதில்தான் லேபுக்குப் போய்வந்தேன்.

திங்கள், புதன், வெள்ளி அந்த வேனில் என்கூட ஒரு பாட்டி வருவார். டயாலிசிஸ் செய்துகொள்ளப் போகிறவர். முதல் நாளே என் கட்டைப் பார்த்து, "இது எத்தனை நாளைக்கு?" என்றார். ஆறு வாரம் என்றேன். "கொடுத்து வெச்சவ. என்னோட சீட்டில் முடிவு தேதி போடலை" என்று சொல்லிச் சிரித்தார். அதுக்கப்புறம் நாங்க ரெண்டு பேரும் சிநேகம்.

கால் சரியாச்சு, பழையபடி பஸ்ஸுக்கு மாறினேன். மார்ச் மாசம் ஊரில் ஒரு அறிவிப்பு வந்தது. கூட்டம் குறைவான ரெண்டு பஸ் ரூட்டை நிறுத்திட்டு, அதுக்குப் பதிலா செல்போன் ஆப்பில் கூப்பிட்டால் வரும் வேன்களை விடப் போறோம், பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம்னு. ரெண்டில் ஒண்ணு நான் போற ரூட். முதலில் எனக்குச் சந்தோஷம்தான்! பனியில் நின்னு பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாமே. இந்த செமஸ்டர் போக்குவரத்துத் திட்டமிடல் பாடத்துக்கு ஒரு கட்டுரை எழுதணும், இதையே எடுத்துக்கிட்டேன். "இதோ வந்துவிட்டது புதிய தீர்வு"ன்னு எழுதத்தான் லைப்ரரிக்குப் போனேன். போய்ப் பார்த்தா, இது புதுசே இல்லை. நூறு வருஷத்துக் கதை. படிச்சு முடிச்சப்ப என் கட்டுரை தலைகீழாகிடுச்சு. அந்தக் கதையைத்தான் உங்களுக்கும் சொல்லப் போறேன். கொஞ்சம் நீளமான பதிவு, ஒரு காபி எடுத்துக்கிட்டு வாங்க.

அஞ்சு காசு கார்

கொசுவத்தியை 1914க்குச் சுத்துவோம். லாஸ் ஏஞ்சலஸ் நகரம். அந்த வருஷம் அமெரிக்காவில் வேலையில்லாத் திண்டாட்டம். ஊருக்குள் போகவர டிராம் வண்டிதான், கட்டணம் அஞ்சு சென்ட். ஜூலை 1ஆம் தேதி எல்.பி. டிரேப்பர் என்பவர் தன்னுடைய ஃபோர்டு மாடல்-டி காரில் வழியில் நின்ற ஒருத்தரை ஏத்திக்கொண்டு, இறக்கிவிடும்போது அதே அஞ்சு சென்ட் வாங்கினார். அந்தக் காசுக்கு அப்போ பேச்சுவழக்கில் "ஜிட்னி"ன்னு பேர். அதனால் இந்த மாதிரி கார்களுக்கும் ஜிட்னின்னே பேராகிடுச்சு.

தீ மாதிரி பரவியது. 1915லேயே நாடு முழுக்க 62,000 ஜிட்னி ஓடியதாகக் கணக்கு. டிராம் போகும் பாதையிலேயே, டிராமுக்கு முன்னாடி போய், நிக்கிற ஆளை அள்ளிக்கிட்டுப் போவாங்க. கொஞ்சம் கூடக் காசு கொடுத்தா பாதையை விட்டு விலகி வீட்டுக்கிட்டே இறக்கிவிடுவாங்க. மதுரைக்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் அரை சீட்டில் தொங்கிக்கிட்டுப் போயிருக்கீங்களா? அதேதான். நாம நம்ம ஊரு கண்டுபிடிப்புன்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம்.

டிராம் கம்பெனிகள் சும்மா இருக்குமா? "நாங்க வரி கட்டுறோம், ரோட்டைப் பராமரிக்கிறோம், ஆளே வராத நேரத்திலும் வண்டி ஓட்டுறோம். இவங்க கூட்டம் இருக்கிற இடத்தில் மட்டும் வந்து வெண்ணெயை எடுத்துக்கிட்டுப் போறாங்க"ன்னு சண்டைக்கு வந்தாங்க. நகரசபைகள் வரிசையா சட்டம் போட்டன. பிணைத்தொகை கட்டு, லைசென்ஸ் எடு, டிராம் பாதையில் ஓட்டாதே. 1918 அக்டோபரில் மிஞ்சியது ஆறாயிரத்துக்கும் கீழே. நியூஜெர்ஸியின் அட்லாண்டிக் சிட்டியில் 1915ல் தொடங்கிய ஜிட்னி இன்னைக்கும் ஓடுது.

டிராம் கம்பெனிகள் செய்தது அடாவடிதான். ஆனா அவங்க கேட்ட கேள்வியில் நியாயம் இருக்கு. ராத்திரி 11 மணிக்கு ஒரே ஒரு ஆள் நிக்கிறாருன்னா, அவருக்கு யாரு வண்டி ஓட்டுறது? இந்தக் கேள்வியை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்பவும் வரும்.

பாட்டிலுக்குள்ள பூதம்

அடுத்த காட்சி 1960கள். போருக்கப்புறம் அமெரிக்கர்கள் நகரத்தை விட்டுப் புறநகருக்குக் குடிபோனாங்க. வீட்டுக்கு வீடு தோட்டம், வளைஞ்சு வளைஞ்சு தெரு. ஆளுக்கொரு கார். பஸ் என்பது பக்கத்துப் பக்கத்தில் ஜனம் இருந்தால்தான் பிழைக்கும். இங்கே அதுக்கு வழியில்லை. பஸ் கம்பெனிகள் ஒண்ணொண்ணா மூடின. மத்திய அரசு 1964ல் நகரப் போக்குவரத்துக்குன்னு ஒரு சட்டம் கொண்டுவந்து பணம் கொடுக்க ஆரம்பிச்சது.

1966ல் எம்.ஐ.டி.யில் மாணவர்கள் சேர்ந்து 'மெட்ரான்'னு ஒரு வடிவமைப்புத் திட்டம் போட்டாங்க. அதில் ஒரு யோசனைக்குப் பேரு 'ஜீனி'. ஆமாங்க, அலாவுதீன் பூதம்தான். கூப்பிட்டா வந்து நிக்கும் பஸ். மாணவர்கள் போட்ட பிராஜெக்ட் என்பதைப் படிச்சப்ப கொஞ்சம் பெருமையாவும் இருந்தது, வயித்தெரிச்சலாவும் இருந்தது. நாங்க போடுற பிராஜெக்டெல்லாம் மதிப்பெண் வாங்கினதோட சரி.

அதே கல்லூரியில் டேனியல் ரூஸ், நைஜல் வில்சன் போன்றவர்கள் இந்தப் பூதத்தைக் கம்ப்யூட்டருக்குள் இறக்கும் வேலையை எடுத்துக்கொண்டார்கள். திட்டத்தின் பேர் 'கார்ஸ்'. பஸ்ஸுக்கான திட்டத்துக்கு அப்படி ஒரு பேர்! 1968ல் அமெரிக்கக் காங்கிரஸுக்குப் போன 'நாளைய போக்குவரத்து' பற்றிய அறிக்கையிலும் இந்த டயல்-எ-பஸ் யோசனை இடம்பிடிச்சது. அது சந்திரனுக்கு ஆள் அனுப்பத் தயாரான காலம். பஸ்ஸை வாசலுக்கு அனுப்பக் கம்ப்யூட்டரால் முடியாதா என்ன?

முடியுமான்னு நாமளே பார்ப்போம். ஒரு வேன், பத்துப் பயணிகள் கூப்பிட்டிருக்காங்க. ஒவ்வொருத்தரும் மூணு நிலையில் ஒண்ணில் இருப்பாங்க: வீட்டில் காத்திருக்கார், வண்டியில் இருக்கார், இறங்கிட்டார். அப்ப பத்துப் பேருக்கு மூணைப் பத்துத் தடவை பெருக்கணும். 59,049 நிலைகள். இருபது பேருன்னா சுமார் 348 கோடி! 1980ல் ஹரிலாஸ் சராஃப்டிஸ் என்பவர் ஒரே ஒரு வண்டிக்கு மிகச் சிறந்த வழியைத் துல்லியமாகக் கண்டுபிடிக்கும் கணக்கை வெளியிட்டார். அதுவே விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் வரைக்கும்தான் தாங்கும். அதனால் நடைமுறையில் செய்தது வேற. புதுசா ஒரு அழைப்பு வந்தால், ஓடிக்கிட்டு இருக்கிற ஒவ்வொரு வண்டியின் பட்டியலிலும் இவரை எங்கே நுழைச்சா மத்தவங்களுக்குத் தாமதம் குறைவா இருக்கும்னு பார்த்து, அந்த இடத்தில் சொருகிடறது. கல்யாணப் பந்தியில் கடைசி நேரத்தில் வந்த மாமாவுக்கு இடம் பிடிக்கிற மாதிரி. அரை நூற்றாண்டு கழிச்சும் அடிப்படை யோசனை அதேதான்.

ஹேடன்ஃபீல்டு

கணக்கு காகிதத்தில் நடக்கும்போதே வண்டிகள் ரோட்டுக்கு வந்துடுச்சு. 1969ல் ஒஹையோவில் மான்ஸ்ஃபீல்டு, 1970ல் கனடாவில் டொராண்டோ பக்கம் பே ரிட்ஜஸ், 1971ல் நியூயார்க் மாநிலத்தில் படேவியா. எல்லாமே சின்ன ஊர். போனை எடுத்து எழுத ரெண்டு பேர், ஒரு வரைபடம், வண்டிக்கு வண்டி ரேடியோ. கம்ப்யூட்டரெல்லாம் கிடையாது. ஊரைத் தெரிஞ்ச ஒரு ஆள் உட்கார்ந்தா போதும், ஓடியது.

பெரிய பரீட்சை நடந்தது ஹேடன்ஃபீல்டில். நியூஜெர்ஸி மாநிலம், ஃபிலடெல்ஃபியாவுக்கு அக்கரையில் இருக்கும் ஊர். 1969ல்தான் அந்த வழியா புது ரயில் வந்திருந்தது. ஸ்டேஷனுக்கு ஜனங்களைக் கொண்டுவரவும், ஊருக்குள்ளேயே போய்வரவும் மத்திய அரசுப் பணத்தில் 1972 பிப்ரவரியில் டயல்-எ-ரைடு தொடங்கினாங்க. முதல் ரெண்டு வருஷம் மனுஷங்களே வண்டிகளைப் பிரிச்சு அனுப்பினாங்க. 1974ல் அந்த வேலை கம்ப்யூட்டர் கைக்குப் போச்சு. எல்லாரும் எதிர்பார்த்த தருணம்.

கம்ப்யூட்டர் வேலை செஞ்சதா? செஞ்சது. ஆனா அது வந்ததும் வண்டிக்கு வண்டி ரெண்டு மடங்கு ஆளெல்லாம் ஏறிடலை. ஏன்னா சிக்கல் கணக்கில் இல்லை, ரோட்டில் இருக்கு. ஒவ்வொரு பயணிக்கும் வண்டி ஒரு வீட்டுக்குப் போகணும், நிக்கணும், அவர் கோட்டு போட்டுக்கிட்டு வரணும், பிறகு வேற ஒரு இடத்தில் இறக்கணும். ஒரு ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம்னு வெச்சுக்கிட்டாலும் மணிக்கு அஞ்சாறு பேர்தான். இந்த மாதிரி வண்டிகள் மணிக்குப் பத்துப் பேரைத் தாண்டுவதே அபூர்வம். நம்ம டவுன் பஸ்ஸில் படிக்கட்டில் தொங்குறவங்களே அதுக்கு மேல இருப்பாங்க. டிரைவருக்கோ ரெண்டு வண்டியிலும் ஏறக்குறைய ஒரே சம்பளம். 1975 மார்ச்சில் சோதனைக் காலம் முடிஞ்சது, அந்தச் சேவையும் முடிஞ்சது.

ஒரே மாவட்டம், ரெண்டு சாவு

இந்தக் கதையில் என்னை உட்கார வெச்சது சாண்டா கிளாரா. கலிஃபோர்னியாவில் சான் ஹோசே இருக்கும் மாவட்டம். நம்ம பதிவர்களில் பாதிப் பேர் பொட்டி தட்டுறது அங்கேதான்.

1974 நவம்பரில் அந்த மாவட்டம் துணிஞ்சு ஒரு காரியம் பண்ணியது. ஒரு சின்ன ஊரில் இல்லை, பத்து லட்சத்துக்கு மேல் ஜனம் இருந்த மாவட்டம் முழுக்க டயல்-எ-ரைடு. மெயின் ரோடுகளில் வழக்கமான பஸ், உள்தெருக்களுக்குக் கூப்பிட்டா வரும் பஸ். உலகத்திலேயே அதுவரைக்கும் யாரும் இவ்வளவு பெரிசா செஞ்சதில்லை.

ஜனங்க என்ன பண்ணினாங்க? கூப்பிட்டாங்க! எல்லாரும் கூப்பிட்டாங்க. போன் லைன் மொத்தமும் அடைச்சுக்கிச்சு. போனே கிடைக்காதப்ப பஸ் எப்படிக் கிடைக்கும்? லைன் கிடைச்சவங்களுக்கும் வண்டி போதலை. இன்னொரு பக்கம் டாக்சி கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போச்சு, "அரசாங்கமே எங்க பிழைப்பில் கை வைக்குது"ன்னு. ஜிட்னிக்காரர்கள் மேல டிராம் கம்பெனி போட்ட அதே சண்டை, இந்தத் தடவை ஆள் மாறி நின்னாங்க. தீர்ப்பு டாக்சிக்குச் சாதகமா வந்தது. 1975 மே மாசம் இழுத்து மூடினாங்க. மொத்தம் ஆறு மாசம்.

இப்போ நாற்பது வருஷம் தாண்டி வாங்க. அதே மாவட்டம், இப்போ அதுதான் சிலிக்கான் பள்ளத்தாக்கு. 2016 ஜனவரியில் அதே மாவட்டத்துப் போக்குவரத்து ஆணையம் வடக்கு சான் ஹோசேயில் 'ஃப்ளெக்ஸ்'னு ஒரு சேவையை விட்டது. போன் லைன் அடைச்சுக்கிற பேச்சே இல்லை, செல்போன் ஆப். இந்தத் தடவை என்ன ஆச்சு? யாருமே கூப்பிடலை. வண்டி ஒரு மணி நேரம் ஓடினால் சராசரியா ஒரு ஆள்கூட ஏறலை. ஜூலையில் மூடினாங்க. இதுவும் ஆறு மாசம்!

முதலாவது கூட்டம் தாங்காமல் செத்தது, ரெண்டாவது கூட்டம் இல்லாமல் செத்தது. இதைப் படிச்சுட்டு லைப்ரரியில் தனியா சிரிச்சேன். பக்கத்து மேஜைக்காரர் ஒரு மாதிரியாப் பார்த்தார்.

கூட்டம் சேர்ந்தா என்ன ஆகும்?

1972ல் ஹெர்பர்ட் மோரிங் என்ற பொருளாதார அறிஞர் பஸ்ஸைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சாரம் ரொம்ப எளிது. ஒரு ரூட்டில் ஆள் ரெண்டு மடங்கு ஆனால், பஸ்ஸையும் ரெண்டு மடங்கு விடலாம். அப்போ அரைமணிக்கு ஒரு பஸ் என்பது கால்மணிக்கு ஒண்ணாகும். ஆக, நீங்க பஸ்ஸில் ஏறுவதால் எனக்கும் காத்திருக்கும் நேரம் குறையுது. ஒரு பயணி இன்னொரு பயணிக்குச் செய்யும் உபகாரம்.

கூப்பிட்டா வரும் வேனில் இது அவ்வளவு சுலபமா நடக்காது. இருக்கிற வேனில் நீங்க ஏறினால் என் பயணம் வளையுது, பத்து நிமிஷம் இருபதாகுது. என் நேரத்தைக் காப்பாத்தணும்னா இன்னொரு வேன், இன்னொரு டிரைவர். கூட்டம் கூடக் கூடச் செலவும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் ஏறும். கனடாவில் இனிஸ்ஃபில்னு ஒரு ஊர். பஸ்ஸே விடாமல் 2017ல் ஊபர் கம்பெனியோட ஒப்பந்தம் போட்டு, கட்டணத்தில் ஒரு பங்கை ஊரே கொடுத்தது. ஜனத்துக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. விளைவு? 2019ல் கட்டணத்தை ஏத்தி, ஆளுக்கு மாசம் 30 பயணம்தான்னு வரம்பு கட்டினாங்க. "தயவுசெஞ்சு எங்க பஸ்ஸில் அதிகமா ஏறாதீங்க"ன்னு எந்த ஊர் டவுன் பஸ்ஸாவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? ஹெல்சிங்கியில் 'குட்சுபிளஸ்'னு 2012ல் தொடங்கின சேவைக்கும் ஆள் கூடிக்கிட்டேதான் இருந்தது. பெரிசாக்கப் பணம் இல்லாமல் 2015 கடைசியில் நிறுத்தினாங்க.

ஒரு பக்கமாவே எழுதுறேன்னு சொல்லாதீங்க, நல்ல உதாரணமும் இருக்கு. வடக்கு கரோலைனாவில் வில்சன்னு சுமார் ஐம்பதாயிரம் பேர் இருக்கும் ஊர். 2020 செப்டம்பரில் இருந்த பஸ் ரூட் எல்லாத்தையும் எடுத்துட்டு வேன்களுக்கு மாறினாங்க. பஸ்ஸில் போனதைவிட அதிகம் பேர் போனாங்க. முதலிலேயே பஸ் மணிக்கு ஒண்ணுன்னு சுத்தி வளைஞ்சு ஓடுற ஊரில் இது நல்ல பேரம்தான்.

இன்னொரு விஷயமும் எனக்குப் பிடிச்சது. லண்டனில் ஹாம்ஸ்டெட் கார்டன் சபர்பில் 1974ல் ஒரு டயல்-எ-பஸ் விட்டாங்க. சில வருஷத்தில் அது எச்-2ன்னு நிலையான ரூட் பஸ்ஸா மாறிடுச்சு. மிஷிகனில் ஆன் ஆர்பர் ஊரில் 1971ல் சோதனை பண்ணி, 1973ல் ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தங்கள் மேல் வரி போட்டுக்கிட்டு ஊர் முழுக்க டயல்-எ-ரைடு கொண்டுவந்தாங்க. அங்கேயும் நாள்பட நாள்பட நிலையான ரூட்டுகள்தான் அதன் இடத்தைப் பிடிச்சது. புல்வெளியில் ஜனம் நடந்து நடந்து ஒத்தையடிப் பாதை விழுமே, அது மாதிரி. கூப்பிட்டவங்க எங்கேருந்து எங்கே போறாங்கன்னு தெரிஞ்சதும் அங்கே ஒரு பஸ்ஸை விட்டுடலாம். தோத்துப் போச்சுன்னு இதைச் சொல்ல எனக்கு மனசு வரலை.

பத்தொன்பது பேர்

இவ்வளவு நேரம் செலவுக் கணக்கே பேசிட்டேன். அப்போ பாட்டி?

1978 ஜூலை 5. கொலராடோ மாநிலம் டென்வர் நகரம். பிராட்வேயும் கோல்ஃபாக்ஸும் சந்திக்கும் நாற்சந்தியில் சக்கர நாற்காலியில் வந்த பத்தொன்பது பேர் பஸ்களை மறிச்சாங்க. வண்டி நகர முடியாது. ராத்திரி முழுக்க அங்கேயே கிடந்தாங்க. அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு. ஊரில் எல்லாரும் ஏறும் பஸ்ஸில் நாங்களும் ஏறணும், சக்கர நாற்காலியைத் தூக்க பஸ்ஸில் லிஃப்ட் வை. தனி வேன் கொடுத்து ஓரங்கட்டாதே. அந்த ஊரில் தொடங்கிய போராட்டம் நாடு முழுக்கப் பரவி, 1990 ஜூலை 26 அன்று ஊனமுற்ற அமெரிக்கர்களுக்கான சட்டம் கையெழுத்தாச்சு.

அந்தச் சட்டம் ரெண்டும் சொன்னது. புதுசா வாங்கும் பஸ் ஒவ்வொண்ணிலும் சக்கர நாற்காலி ஏற வசதி வேணும். அப்படியும் உடல்நிலையால் பஸ்ஸில் போக முடியாதவங்களுக்கு, கூப்பிட்டா வரும் வேன் விடணும். "வண்டி இல்லை போ"ன்னு வழக்கமா மறுக்கக் கூடாது. மறுநாள் பயணத்துக்கு இன்னைக்குச் சொன்னால் ஏத்துக்கணும். டயாலிசிஸுக்கா, சினிமாவுக்கான்னு கேட்டு முன்னுரிமை கொடுக்கக் கூடாது. கட்டணம் பஸ் டிக்கெட்டைப் போல ரெண்டு மடங்குக்கு மேல் போகக் கூடாது. அறுபதுகளில் பூதமாகக் கனவு கண்டது, இப்படி உரிமையா மாறி நாடு முழுக்க வந்துடுச்சு. வசதிக்காக விட்டதெல்லாம் மூடினாங்க, உரிமைன்னு சட்டத்தில் வந்தது நின்னுடுச்சு.

அடுத்த வரியில்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த வேன் எங்கே ஓடணும்? நிலையான பஸ் ரூட்டின் ரெண்டு பக்கமும் முக்கால் மைல் வரைக்கும், அந்த ரூட்டில் பஸ் ஓடும் நாளில், ஓடும் நேரத்தில். அவ்வளவுதான் சட்டக் கட்டாயம். அதாவது, பாட்டியின் வேன் என்னோட பஸ்ஸைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்குது. பஸ் ரூட்டை எடுத்துட்டால் அந்தத் தெருவில் அந்தக் கட்டாயமும் போயிடும். புதுசா வரும் ஆப் வேன் பாட்டிக்கும் மத்தவங்களுக்குச் சமமா சேவை கொடுக்கணும்னு சட்டம் சொல்லுது, இல்லேங்கலை. ஆனா சமம்னா என்ன? கூட்டம் அதிகமாகி எல்லாருக்கும் முக்கால் மணி நேரம் காத்திருப்புன்னா, பாட்டிக்கும் முக்கால் மணி நேரம். முதல்நாளே சொல்லி வெச்ச வண்டி வந்தே ஆகணும் என்ற பிடிமானம் இல்லை. டயாலிசிஸ் மெஷின் அவருக்காகக் காத்திருக்குமா?

ஜிட்னி காலத்துக் கேள்வி ஞாபகம் இருக்கா? ராத்திரி 11 மணிக்கு நிக்கும் அந்த ஒத்தை ஆளுக்கு யாரு வண்டி ஓட்டுறது? நான் ஆப் வேனை விரும்பினது பனியில் நிக்கச் சோம்பல்பட்டு. அந்த ஒத்தை ஆளுக்கு அது சோம்பல் சம்பந்தப்பட்டது இல்லை.

ரெண்டு நிமிஷம்

கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நடந்தது. ஆளுக்கு ரெண்டு நிமிஷம். மேடைப் பேச்சுன்னா எனக்கு ஸ்கூல் காலத்திலேயே நாக்கு ஒட்டிக்கும். எழுதி வெச்சதைத்தான் படிச்சேன். சாண்டா கிளாரா கதையைச் சொல்ல நேரமே இல்லை. மூணு விஷயம் மட்டும் கேட்டேன். ஒண்ணு, வேன் விடுங்க, ஆனா ரூட்டை எடுக்காதீங்க. ரெண்டு, எடுத்தே ஆகணும்னா, முதல்நாள் பதிவு செய்கிறவங்களுக்கான பழைய சேவையை அந்தத் தெருக்களில் தொடர்வோம்னு எழுத்தில் கொடுங்க. மூணு, ஆப் மட்டும் போதாது, போனை எடுக்க ஒரு மனுஷர் வேணும்.

எனக்கு அடுத்து பாட்டி. அன்னைக்கு வேனில் அவரும் வந்திருந்தார்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாது. அவர் காகிதமெல்லாம் வெச்சுக்கலை. "நான் வாரத்துக்கு மூணு தடவை போறேன், வருஷத்துக்கு நூத்தி ஐம்பத்தாறு தடவை. இந்தக் கூட்டத்துக்கு வர்றதுக்கு நேத்தே போன் பண்ணி வண்டி சொல்லி வெச்சேன். கூட்டம் நீண்டு போனா எனக்கு வண்டி போயிடும், அதனால சீக்கிரம் முடிவு பண்ணுங்க" என்றார். எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சார், ஆனா கையில் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே.

முடிவு ஒண்ணும் ஆகலை. ஒரு ரூட்டை நிறுத்தி வேன் விட்டுப் பார்க்கிறதுன்னும், எங்க ரூட்டை அடுத்த வருஷ பட்ஜெட் வரைக்கும் தொடாததுன்னும் இப்போதைக்குச் சொல்லியிருக்காங்க. என் கட்டுரைக்கு பேராசிரியர் நல்ல மதிப்பெண் போட்டு, ஓரத்தில் "சான்றுகள் நன்று, உணர்ச்சி கொஞ்சம் அதிகம்"னு எழுதியிருந்தார். இருக்கட்டும்.

அம்மாவுக்கு இந்தக் கதையெல்லாம் ஞாயித்துக்கிழமை போனில் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, "அந்தப் பாட்டிக்குப் பிள்ளைங்க யாரும் இல்லையாடி?"ன்னாங்க. இருக்காங்கம்மா, வேற ஊர்ல. "ம். அப்ப அது வாடகைக் காரு இல்ல"ன்னுட்டு, சாப்பிட்டியான்னு கேட்க ஆரம்பிச்சுட்டாங்க.

டிஸ்கி: வெளிநாட்டில் இருக்கும் மக்களே, உங்க ஊரிலும் பஸ்ஸை எடுத்துட்டு ஆப் வேன் விடும் பேச்சு வந்தால், "நல்லதுதானே"ன்னு சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க. ஆள் ரெண்டு மடங்கு ஆனா என்ன பண்ணுவீங்க? முதல்நாளே சொல்லி வெச்சவங்களுக்கு என்ன உத்தரவாதம்? பதில் என்ன வந்ததுன்னு பின்னூட்டத்தில் எழுதுங்க. ஷேர் ஆட்டோ கதைகளும் வரவேற்கப்படும் :-)